எங்கள் வீட்டுத் தம்

வத்தல்மலையில் வேனை விட்டு இறங்கியதும் வழிகாட்டி மாதப்பன் மலையேற வந்த எங்கள் கூட்டத்திடம், "யாருக்காச்சும் நெஞ்சுவலி, மூச்சுப் பிரச்சனை இருந்தா இப்பவே சொல்லிருங்க" என்றார். நான் சில்வர் ஓக் மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டேன். போன வருஷம் வேறொரு மலைக்குப் போனபோது உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். எல்லோரும் உச்சிக்குப் போய்வரும்வரை வேனில் சிப்ஸ் பொட்டலங்களுக்குக் காவலாக என்னை உட்கார வைத்துவிட்டார்கள். தர்மபுரியில் எங்கள் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் கண்ணெதிரே நிற்கிற மலை இது. கல்யாணமாகி வந்ததிலிருந்து பார்க்கிறேன். இன்றைக்கு ஏறியே தீருவதென்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் நூர் பாஷாதான் கூட்டுக்களவாணி. எங்கள் வீட்டு உருதில் மூச்சுக்குத் 'தம்' என்று பெயர். எனக்கு இழுப்பு வரும்போலிருந்தால் அவர் "தம்மா?" என்பார். நான் தலையாட்டியதும் முட்டியைப் பிடித்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்துவிடுவார். அவருக்காக எல்லோரும் நிற்க, நான் மரத்துக்குப் பின்னால் போய் இன்ஹேலரை இழுத்துக்கொள்வேன். ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நிற்கிற முட்டி அது, அதற்கு ஒரு வலியும் கிடையாது. வழியில் முதல் தடவை வலிப்பதுபோல் அவர் முகத்தைச் சுளித்ததைப் பார்த்தபோது அள்ளிக் கொஞ்சலாம் போலிருந்தது.

காப்பித் தோட்டம் தாண்டியதும் ஏற்றம் செங்குத்தானது. "தம் வேணுமா, நஸீமா?" என்று கிசுகிசுத்தார். முன்னால் போன மாதப்பன் சட்டென்று திரும்பினார்.

"என்னா பாய், காட்டுக்குள்ள தம்மா? சருகெல்லாம் காஞ்சி கெடக்குது, ஒரு பொறி பட்டா போதும். அப்பத்திலிருந்து பாக்கறேன், முட்டி வலின்னு ஒதுங்கறதும் தம்மு தம்முன்றதும். இதுல அக்காவுக்கும் வேணுமான்னு கேக்கறீங்க!"

கூட்டம் சிரித்தது. பீடிப்புகை பக்கம்கூடப் போகாத மனிதர் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதாங்க. எனக்குத்தான். அவங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

"அப்ப நீங்க கீழ வேன்கிட்ட போயிருங்க. அக்கா மட்டும் வரட்டும்."

மறுபேச்சில்லாமல் இறங்க ஆரம்பித்தார். இந்த மனிதரை என்னதான் செய்வது? எனக்கு அழுகை வந்தது, கோபம் வந்தது, கூடவே இழுப்பும் வந்தது. வேனில் உட்கார வைத்தால் வைக்கட்டும் என்று பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து, எல்லோர் எதிரிலும் குலுக்கி, இழுத்து, மூச்சைப் பிடித்து நின்றேன்.

பேச்சு வந்ததும், "இதாங்க எங்க வூட்டுத் தம். அவரு பீடிகூடத் தொடமாட்டாரு. எனக்குத்தான் வீசிங்" என்றேன்.

மாதப்பன் என் பக்கத்தில் இறங்கி வந்தார். "கீழயே சொல்ல வேணாங்களாக்கா? நடுக்காட்டுல ஏதாச்சும் ஆயிருந்தா நான் என்னா பண்றது?" என்றார். அவர் கோபம் நியாயமானது.

என் மூச்சு அடங்கும்வரை காத்திருந்துவிட்டுத் தன் கையிலிருந்த கழியை நீட்டினார். "முன்னால வாங்க. இனி நீங்க நடக்கற நடைதான் எல்லாருக்கும். மறுபடி இழுத்துச்சுன்னா மட்டும் மறைக்காதீங்க, எறங்கிரலாம். பாய், நீங்களும் ஏறி வாங்க!"

நடந்தேன். நின்றேன். மறுபடி நடந்தேன். ஒரு திருப்பத்தில் திரும்பிப் பார்த்தால் மொத்தக் கூட்டமும் கல்யாண ஊர்வலம் மாதிரி என் பின்னால் மெல்ல அசைந்து வந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் கடைசியில் நூர் பாஷா, நிஜமாகவே மூச்சு வாங்கியபடி, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை வீசி வீசி என்னை மேலே விரட்டிக்கொண்டிருந்தார்.