மூலைச் சுவர்

ஏசுவடியான் கடப்பாரையால் இரண்டாவது அடி அடித்தபோது கூடத்தின் மூலையில் பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த இசக்கிசெல்வி எழுந்து ஓடினாள். அழுதுகொண்டிருந்த பெண்களைத் தாண்டி வெளியே வந்து, சந்துக்குள் நுழைந்து, கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணாச்சி, நிறுத்துங்க. மூலைல கை வைக்காதீங்க.”

“உங்க சித்தப்பாதான தாயி குறிச்சுக் குடுத்தாரு?”

சுவரில் ஆள் உயரத்துக்குக் கரியால் ஒரு கட்டம் வரைந்திருந்தது.

அப்பா சிவனணைந்தபெருமாள் விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான். காலண்டரைப் பார்த்த சித்தப்பா ஆவுடையப்பனின் முகம் வெளுத்துவிட்டது. அவிட்டம், அடைப்பு நாள். அடைப்பில் போன உயிர் வீட்டிலிருந்து இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு போகும் என்பார்கள். உடலை வாசல் வழியாக எடுக்கக் கூடாது, சுவரை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அதன்பிறகு வீட்டை ஆறு மாதம் பூட்டிப் போட வேண்டும்.

செல்வி துறைமுகத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் ஒரு நிறுவனத்தில் எஞ்சினியர். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்கள் பற்றி, வேலையிலிருக்கும் எஞ்சினியர்களுக்காகச் சென்னையில் நடந்த பயிற்சிக்குப் போன மாதம்தான் போய்வந்தாள். “அலை அடிக்கிற ஊர்ல இருந்துக்கிட்டு எம்மவ தரை ஆடுறதப் படிக்கப் போயிருக்கா” என்று தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா சொல்லிச் சிரித்தார். பெருமையையும் அந்தச் சிரிப்போடு சேர்த்தேதான் விற்றார் மனிதர்.

திரும்பி வந்ததிலிருந்து அவளுக்கு எந்த வீடும் வீடாகத் தெரியவில்லை. ஆட்டினால் முதலில் எது விழும் என்றுதான் கண் போனது. இந்த வீட்டில் தூணே கிடையாது. கடை நன்றாக ஓட ஆரம்பித்ததும், இருந்த செங்கல் சுவர் மேலேயே அப்பா மாடி எடுத்துவிட்டார். இரண்டு சுவர்கள் சேரும் மூலை பிளந்தால் மாடி அப்படியே கீழே உட்கார்ந்துவிடும் என்று பயிற்சியில் படம் படமாகக் காட்டியிருந்தார்கள். மூலையை மனிதன் பெயர்த்தால் பூமி ஆடக்கூட வேண்டியதில்லை. மாடியில் இப்போது ஏரலிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள்.

சித்தப்பா வந்துவிட்டார். “ஏளா, எழவு வீட்டுல வந்து எஞ்சினியர் வேல பாக்காத. நேரமாவுது.”

“மாடி எறங்கிரும் சித்தப்பா. உள்ள அத்தன பேரு இருக்காங்க.”

“இத்தன வருசமா நிக்குத வீடு இன்னைக்கா விழப்போவுது?”

பின்னாலேயே அம்மா முத்துக்கனியும் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “ஒத்த ஆம்பளப் புள்ள வச்சிருக்கேன். உன் தம்பிய நெனச்சுப் பாருளா.”

ஜெயகணேஷ் ஈர வேட்டியோடு அங்கேயே நின்றான். “உறுதியா விழுமாக்கா?” என்று கேட்டான்.

“தெரியல. கணக்குப் போட்டாத்தான் தெரியும். தெரியாம இடிக்கிறதுதான் எனக்குப் பயம்.”

அடைப்பை நம்பவில்லை என்று சொல்லவும் அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. தம்பியின் நெற்றியில் திருநீறு ஈரத்தில் கரைந்து வழிந்தது. அதைப் பார்த்ததும், அடுத்தது இவனோ என்று அவளுக்கும் ஒரு நொடி தோன்றிவிட்டது.

“இதே சுவர்தான உடைக்கணும்? ஜன்னல எடுத்துட்டு, அதுக்குக் கீழ மட்டும் உடைங்க. ஜன்னல் மேல குறுக்க லிண்டல் கட்ட இருக்கு. பாரத்த அது தாங்கிக்கிட்டுத்தான் இருக்கு.”

“அங்கன சாக்கடைலா ஓடுது? பாடைய எப்படி வைக்க?” என்றார் சித்தப்பா.

“பலகை போடலாம். அண்ணாச்சி, பந்தக்காரங்கிட்ட சவுக்குக் கம்பு கேளுங்க, உள்ள முட்டு குடுக்கணும். கணேசு, மாடில ஒருத்தர் இருக்கப்படாது. எல்லாரையும் எறக்கு.”

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரை விட்டு விலகி வழிவிட்டாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு ஏசுவடியான் கடப்பாரையைத் தூக்கி ஜன்னல் பக்கம் நகர்ந்தார்.

மாடியில் இருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். கூடத்துப் பெண்களையும் வெளியே போகச் சொன்னாள் செல்வி. அவர்கள்தான் அசையவில்லை. “செத்தவர ஒத்தையில போட்டுட்டு வெளிய போவச் சொல்லுதா பாரு, பெத்த மவ” என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

“நான் இருக்கேன். நீங்க போங்க” என்றாள் அம்மா. கணவரின் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இனி அவளை நகர்த்த முடியாது என்று தெரிந்ததும் செல்வியும் உள்ளேயே நின்றாள்.

ஜன்னல் கம்பியைப் பெயர்த்தார்கள். கீழ்ச்சுவரில் அடி விழ விழ, சவுக்குக் கம்பைப் பிடித்திருந்த அவள் கையில் அதிர்ந்தது. லிண்டலின் ஓரத்தில் தலைமுடி போல ஒரு விரிசல் இருந்தது. அது முன்பே இருந்ததா, இப்போது வந்ததா? முதலில் பார்த்துவைக்கவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஜன்னல் போதும் என்று சொன்னவளும் அவள்தான். அதுவும் தப்பாக இருந்தால்? அம்மா நேர் கீழே இருந்தாள்.

கல்லை அள்ளி ஒதுக்கிவிட்டு ஆண்கள் உள்ளே வந்தார்கள். ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கினார்கள்.

“சுவத்துல இடிக்காம. மெதுவா, மெதுவா” என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளங்கையைச் சுவரில் பதித்தாள். கண்ணை விரிசலிலிருந்து எடுக்கவில்லை. மேலிருந்து கொஞ்சம் தூசி உதிர்ந்தது. வெளியே சங்கு ஊதியது. பலகை கிரீச்சிட்டது. குலவைச் சத்தம் எழுந்து, சந்தைத் தாண்டித் தெருவுக்குப் போய், சிறுத்துக்கொண்டே வந்தது.

விரிசல் நீளவில்லை.

அம்மா இன்னும் தரையிலேயே இருந்தாள். உடல் கிடந்த இடத்தில் நெல்லும் பூவும் சிதறிக் கிடந்தன. சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை.

“கடைசியா ஒருக்க அப்பா மொகத்தப் பாத்துக்கிட்டியாளா?”

செல்வி ஜன்னல் இருந்த இடத்தைப் பார்த்தாள். சந்து காலியாக இருந்தது.

“தாங்கிருச்சும்மா” என்றாள். சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை.