மூன்றாவது பட்டை

பரிசோதனை மேசையிலிருந்து ஒன்பது போர்டுகள் திரும்பி வந்தன. ஒன்றுக்கும் உயிர் வரவில்லை. ஒன்பதிலும் அவள் கையெழுத்து.

மின்னணுத் தராசுகளுக்கு மின்சுற்றுப் போர்டு செய்யும் பட்டறை அது. எல்லோருக்கும் அவள் அக்கா. ரெசிஸ்டர் என்பது அரிசியைவிடச் சற்றுப் பெரிய உருளை. மேலே உள்ள நிறப் பட்டைகளை வைத்துத்தான் எத்தனை ஓம் மின்தடை என்று தெரியும். கலந்து கிடக்கும் பெட்டியிலிருந்து பிரித்தெடுத்துப் போர்டில் பற்றவைக்கும் வேலை அவளுடையது. பதினோரு வருடமாக அவள் ஓம் அளக்கும் மீட்டரைத் தொட்டதில்லை. கை எடுக்கும்போதே வாய் முணுமுணுக்கும்: பழுப்பு ஒன்று, கறுப்பு சுழி, சிவப்பு என்றால் இன்னும் இரண்டு சுழி. ஆயிரம் ஓம்.

பரிசோதிப்பவனுக்குக் குண்டூசி என்று பட்டப்பெயர், அத்தனை ஒல்லி. ஒரு ரெசிஸ்டரைக் கழற்றி வெள்ளைத் தாளில் வைத்தான்.

"மூணாவது பட்டை என்ன நிறம்கா?"

"சிவப்பு. ஏன்?"

"நல்லாப் பாருங்க."

"பார்த்துட்டேன்டா. சிவப்புதான்."

எதற்கெடுத்தாலும் பல்லைக் காட்டுகிறவன் சிரிக்கவில்லை. "அது பச்சைக்கா."

"என்கிட்ட விளையாடாத."

மீட்டரின் முனைகளை வைத்தான். திரை பத்து லட்சம் ஓம் காட்டியது.

பிறகு ஆறு ரெசிஸ்டர்களைப் பரப்பி, பச்சைப் பட்டை உள்ளதை எடுக்கச் சொன்னான். அவள் கை ஒன்றின் மேல் போனது, பின்வாங்கியது, இன்னொன்றுக்குப் போனது. ஆறிலும் மூன்றாவது பட்டை ஒரே மங்கிய நிறமாகத் தெரிந்தது.

"லைட்டு மாத்திட்டாங்களா?"

"இல்லக்கா."

ஞாயிற்றுக்கிழமை மகள் கேட்டது நினைவுக்கு வந்தது. 'ஏம்மா, தக்காளியெல்லாம் காயா வாங்கிட்டு வந்திருக்க?' கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவனைத் திட்டித் தீர்த்திருந்தாள்.

"சில மாத்திரையால நிறம் மாறித் தெரியும்னு கேட்டிருக்கேன். மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?" என்றான்.

மூன்று மாதமாக மறைத்தது. எல்லோரிடமும் சளி என்றே சொல்லி வந்தாள்.

"காசநோய்க்கு. இப்ப யாருக்கும் ஒட்டாதுன்னு சொல்லிட்டாங்க."

அவன் அரை அடி பின்னால் போனான். போனது தனக்கே உறைத்ததுபோலத் திரும்பி வந்து, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். அவள் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த மாத்திரைப் பெட்டியிலிருந்த விளக்கத் தாளைப் பிரித்து, பொடி எழுத்தில் இருந்ததை வாய்விட்டுப் படித்தான். நிறம் பிரித்தறிவதில் மாற்றம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லவும்.

"கண்ணு மங்கினா சொல்லுன்னுதான் ஆஸ்பத்திரியில சொன்னாங்க," என்றாள். "மங்கவே இல்லையேடா. தலைமுடி மாதிரி கம்பிகூடத் தெரியுது."

அன்று மதியமே ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் நிறப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் படங்களைப் புரட்டினார். இரண்டாம் பக்கத்து எண்ணை அவளால் படிக்க முடியவில்லை.

"எத்தனை நாளா?"

"தெரியல டாக்டர். எனக்கு எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

தவறாகப் பார்த்த ஒவ்வொரு தடவையும் அவளுக்குத் துளிச் சந்தேகம்கூட வந்ததில்லை.

டாக்டர் அதற்குக் காரணமான ஒரு மாத்திரையை நிறுத்தினார். நிறம் தெரிவது பெரும்பாலும் திரும்பி வந்துவிடும், உறுதி சொல்ல முடியாது என்றார்.

மறுநாள் முதலாளியிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். "அனுப்ப வெச்சிருக்கிறதுல தப்பானது எத்தனை இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். இருவருமாக அட்டைப்பெட்டிகளைத் திறந்தார்கள். மீட்டரில் வைத்துப் பார்த்ததில் தவறான போர்டுகள் இன்னும் பதினான்கு.

ஏழாவது வாரம் பச்சை தெரிந்தது. சிவப்பு இன்னும் முழுதாக வரவில்லை. ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மீட்டரில் வைத்துப் பார்த்த பிறகே பற்றவைக்கிறாள். வேலை பாதி வேகத்தில்தான் நடக்கிறது.