இருநூற்றுப் பத்துத் திருத்தங்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, ஒரு புரூஃப் கட்டுக்குள்ளிருந்து விழுந்தது. போன மாதம் என் நாவலின் தாள்கள் திருத்தம் முடிந்து அச்சகத்திலிருந்து வந்தன. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் புரட்டியபோது ஒரு ரோஜா இலை மடியில் விழுந்தது. மஞ்சள் பாரித்த இலை. அதன்மேல் ஓரம் பிசிறிய கரும்புள்ளிகள், எண்ணிப் பார்த்தால் பதினொன்று. என் நாவலைப் பற்றிய கருத்தை இப்படித்தான் தெரிவிக்கிறார்களோ என்று இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

புரூஃப் திருத்துகிறவருக்குப் போன் போட்டேன். இருபத்தெட்டு வருடமாக என் பிழைகளைப் பொறுக்குகிறவர். எதைச் சொன்னாலும் நடுவில் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் சொல்வார் என்பதால் அச்சகத்தில் அவருக்குக் காற்புள்ளி என்று பெயர்.

"சார், உள்ள ஒரு இலை இருந்துச்சு."

"தவறி விழுந்திருக்கும்... நீக்கிடுங்க."

"இலைக்கு என்ன ஆச்சு?"

ஒரு நொடி நின்றார். பிறகு முக்கால் மணி நேரம் நிற்கவே இல்லை. முடிவில் ஒரு நிபந்தனை போட்டார்: "கதையா வேணும்னாலும் எழுதிக்குங்க. ஆனா... புரூஃப் நான்தான் பாப்பேன்."

ஆகவே கீழே சதுர அடைப்புக்குறிக்குள் யாராவது குறுக்கே பேசினால் அது அவர்தான். [ஆமாம். – கா.]

2

தொடக்கம், முதல் முயற்சி: "மாலை வெயிலில் ரோஜாக்கள் நாணித் தலைகவிழ்ந்து" – இல்லை. இந்தக் கதையில் பூவே கிடையாது. பிரச்சினையே அதுதான்.

இரண்டாம் முயற்சி: "பிழை என்பது" – ஐயோ, வேண்டாம்.

சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லிவிடுகிறேன். காற்புள்ளியின் மனைவி தையல்காரர். வீட்டின் பின்வாசலில் இரண்டு படிகள். இறங்கினால் ஆறு ரோஜாச் செடிகள். வைத்ததும் வளர்த்ததும் அந்த அம்மாதான், இவர் ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. ஒரு நாள் காலையில் பூவாளியோடு இறங்கிய அந்த அம்மா இரண்டாம் படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்து, நடைப்பயிற்சிக்காக ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தார்கள்.

அங்கேதான் சிக்கல். அவர் நடக்க மாட்டேன் என்றார். கால் தரையில் பட்டாலே உடம்பு நடுங்கியது. பயிற்சி கொடுக்கும் பெண் கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். எழும்பு கூடிவிட்டது, இன்னும் ஒரு மாதம் இப்படியே படுத்திருந்தால் அப்புறம் நினைத்தாலும் நடக்க முடியாது என்று காற்புள்ளியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். [எலும்பு. இருபத்தெட்டு வருடமாக இதே பிழை. – கா.]

"நடந்து எங்க போகப்போறேன்?" என்பதுதான் அந்த அம்மாவின் பதில். தினமும் நான்கு மணிக்கு இவர் போகும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"செடி எப்படி இருக்கு?"

"இருக்கு."

"பூத்தா சொல்லுங்க. அதைப் பாக்கவாவது அந்தப் படியில இறங்குறேன்."

மனைவி எழுந்து நடப்பது ஆறு செடிகளின் கையில் இருந்தது. செடிகள் காற்புள்ளியின் கையில் இருந்தன. அந்தக் கைக்குச் சிவப்புப் பென்சிலைத் தவிர வேறெதையும் பிடித்துப் பழக்கமில்லை.

3

தெரிந்த தொழிலைத்தான் செய்தார். உருப்பெருக்கிக் கண்ணாடி, இடுக்கி, நோட்டுப் புத்தகம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு செடியையும் முதல் இலையிலிருந்து கடைசி இலைவரை வாசித்தார்.

கரும்புள்ளி விழுந்த இலையா, கிள்ளு. சாம்பல் பூத்த இலையா, அதையும் கிள்ளு. கிள்ளியதை வெளியே எறியவில்லை, உரமாகட்டும் என்று செடியின் காலடியிலேயே போட்டார். சாயங்காலம் மிச்ச இலைகளைத் தண்ணீர் அடித்துக் கழுவினார். ஈரம் காயாத இலையில்தான் அந்தக் கரும்புள்ளி நோய் இரவெல்லாம் வளரும், விழுந்த இலையிலிருந்துதான் திரும்பவும் மேலே ஏறும் என்பது அவருக்குத் தெரியாது. (எனக்கும் தெரியாது. இந்தக் கதைக்காகப் படித்தேன்.)

அடுத்தது பூச்சி. இளந்தண்டுகளில் குண்டூசித் தலையளவுப் பச்சைப் பேன்கள், அசுவினி என்பார்கள், சாற்றை உறிஞ்சிக்கொண்டு அப்பிக் கிடந்தன. எண்ணி மாளாது. ஆனால் அவற்றுக்கு நடுவே பெரிதாக ஒன்று ஊர்ந்தது. அரிசி நீளம், கறுப்பு உடம்பு, முதுகில் ஆரஞ்சுப் பொட்டு, பொம்மை முதலைபோல. பார்த்த மாத்திரத்தில் காற்புள்ளி தீர்ப்பு எழுதிவிட்டார்: தலைவன் இவன்தான்.

இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போட்டார். போட்டதையெல்லாம் தேதிவாரியாக நோட்டில் குறித்தார். பன்னிரண்டு நாளில் இருநூற்றுப் பத்து. [பதின்மூன்று நாள். – கா.] முதலைகள் குறையக் குறைய அசுவினி பெருகியது. இலை சுருண்டது, மொட்டு கருகியது. மூன்றாவது வாரம் ஆறு செடிகளும் முள் முளைத்த குச்சிகளாக நின்றன.

"அவர் மனமும் அந்தக் குச்சிகளைப் போலவே" – இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. விட்டுவிடுகிறேன். பயந்துபோனார், அவ்வளவுதான். அழுதார் என்றும் சொல்லலாம். [சொல்ல வேண்டாம். – கா.]

4

இந்த இடத்தில் என் பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம். ஒரு புள்ளி இடம் மாறினாலும் பொறுக்காத மனிதர் மனைவியிடம் கூசாமல் பொய் சொல்வாரா? கேட்டேன். "அவ சுவரைப் பாத்துப் படுத்திருந்தா. வாய் தானா சொல்லிடுச்சு" என்றார். நம்புகிறேன்.

"பூத்திருக்கு."

அந்த அம்மா திரும்பினார். "எத்தனை?"

"ஏழு."

மறுநாள் ஒன்பது. அதற்கு மறுநாள் பன்னிரண்டு. பயிற்சிப் பெண் பிடித்துக்கொள்ள, அந்த அம்மா கட்டிலோரம் எழுந்து நின்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அப்போதுதான்.

"ஒண்ணே ஒண்ணு பறிச்சிட்டு வாங்களேன்."

பூக்கடைக்குப் போனார். இருப்பதிலேயே நல்லதாக, இலையோடு ஒரு ரோஜாவைத் தேர்ந்தெடுத்தார். பழக்கதோஷம், பழுதே இல்லாததாகப் பார்த்து எடுத்தார். அந்த அம்மா வாங்கி முகர்ந்தார். இலையைத் திருப்பினார். இன்னொரு இலையையும் திருப்பினார்.

"எந்தச் செடி?"

"ஜன்னலோரம் இருக்கிறது."

"ஏங்க, நம்ம செடியில அரைவட்டமா வெட்டு விழாத கிளையே கிடையாது. ஒரு தேனீ வந்து கத்தரிக்கோல் வச்ச மாதிரி வெட்டிட்டுப் போகும். கூடு கட்டத்தான். நான் விட்டுருவேன். இதுல ஒரு பூச்சி வாய்கூடப் படலையே."

அந்த அம்மா பூவை மேசைமேல் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். மறுநாளும் அதற்கு மறுநாளும் எழவில்லை.

5

கதைக்கு வசதியாக எல்லாம் தெரிந்த ஒருவர் இப்போது வரக்கூடாதுதான். என்ன செய்ய, வந்தாரே. நர்சரி நடத்தும் பெண்மணி. காற்புள்ளி நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றார்.

"கறுப்பா, முதலை மாதிரியா?"

"ஆமா... முதுகுல பொட்டு."

"கொன்னீங்களா?"

"இருநூத்திப் பத்து."

அந்தப் பெண்மணி தலையில் கைவைத்தபடி மண்மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "சார், பொறிவண்டு பாத்திருக்கீங்கல்ல? சிவப்பா, புள்ளி வச்சு, அழகா? அதோட குஞ்சு சார் அது! ஒண்ணு ஒரு நாளைக்கு நாப்பது அசுவினி தின்னும். திருடனை விட்டுட்டு வீட்டுக் காவல்காரனையெல்லாம் தூக்கில போட்டிருக்கீங்க."

திட்டி முடித்தபின் வழியும் சொன்னார். விழுந்த இலையெல்லாம் அள்ளி அப்புறப்படுத்து. கருகிய நுனியை வெட்டு. தண்ணீரைக் காலையில் வேருக்கு மட்டும் ஊற்று. கடைசியாக, தன் செடியிலிருந்து ஐந்து முதலைகளை ஒரு காலி மாத்திரை டப்பாவில் போட்டு, தின்பதற்கு அசுவினித் தண்டு ஒன்றையும் வைத்துக் கொடுத்தார்.

காற்புள்ளி வீட்டுக்குப் போகவில்லை. டப்பாவோடு நேராக மறுவாழ்வு இல்லத்துக்குப் போனார்.

6

"பூக்கவே இல்லை" என்றார். ஒரு நொடிகூட நிற்காமல் மிச்சத்தையும் சொன்னார். குச்சிகள், கடைப்பூ, நோட்டு. பிறகு டப்பாவைத் திறந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை மனைவி கையில் கொடுத்தார். கண்ணாடிக்குள் முதலை ஒன்று அசுவினியைக் கவ்வித் தின்றுகொண்டிருந்தது.

"இதையா?" என்றார் அந்த அம்மா. "இதையா எடுத்தீங்க? எத்தனை?"

"இருநூத்திப் பத்து."

"இருநூத்திப் பத்தா! எண்ணி வேற வச்சீங்களா?"

நோட்டைப் பிடுங்கி அவர் தோளில் ஒரு அடி. எட்டவில்லை என்று எழுந்து நின்று இன்னொரு அடி. இவர் பின்வாங்கினார், அந்த அம்மா கட்டிலோரம் சாய்த்திருந்த ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். இவர் அறையை விட்டு வெளியேறினார், அந்த அம்மாவும் வெளியேறினார். தாழ்வாரத்தின் கடைசி ஜன்னல்வரை துரத்திக்கொண்டே வந்து வெளுத்து வாங்கினார். பதினெட்டு எட்டு நடந்திருந்தார். பயிற்சிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நடந்ததை உணர்ந்தபோது அந்த அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும்தான்.

"இனிமே ஒரு இலையைக்கூடக் கிள்ளமாட்டேன்" என்றார் காற்புள்ளி. "சத்தியமா."

"கிள்ளணும்னா நான் கிள்ளுவேன். நீங்க கைய வைக்கக்கூடாது. சரியா?"

"சரி."

[இந்தப் பகுதியில் திருத்தம் இல்லை. – கா.]

7

போனில் அவர் சொன்னது இதுவரைதான். முதலைகளைச் செடியில் விட்டாராம். அடுத்த வெள்ளிக்கிழமை மனைவி வீட்டுக்கு வருகிறாராம். பிறகு என்ன ஆயிற்று என்று வெள்ளி கழிந்து கேட்டேன். "நீங்க எழுதி அனுப்புங்க... பாத்துட்டு அனுப்புறேன்" என்றார் அந்தக் கல்லுளிமங்கன். எனவே மூன்று முடிவுகள் எழுதினேன்.

முடிவு அ: பின்வாசல் கதவைத் திறக்கிறார்கள். ஜன்னலோரச் செடியில் ஒரே ஒரு சிவப்பு ரோஜா. [நீக்குக. வெட்டிய செடி பூக்க ஆறு வாரம் ஆகும். – கா.]

முடிவு ஆ: அந்த அம்மா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். அங்கிருந்து பார்த்தாலும் செடி தெரிகிறது, அதுவே போதும் என்கிறார். [நீக்குக. அவளை உங்களுக்குத் தெரியாது. – கா.]

முடிவு இ: குச்சிகளில் சிவந்த தளிர்கள். தளிரில் அசுவினி, அசுவினிக்குப் பின்னால் முதலைகள். அந்த அம்மா முதல் படியில் நிற்கிறார். அன்றைக்கு வழுக்கிய படி அடுத்தது. கணவர் கையை நீட்டுகிறார், அதைப் பிடிக்காமல் ஊன்றுகோலை இறுக்கிக்கொண்டு ஒரு காலைத் தூக்கி

இதற்குமேல் எனக்குத் தெரியவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.

8

இன்று காலை தாள்கள் திரும்பி வந்தன. முடிவு இ–யின் பக்கத்தில் ஒரு திருத்தம்கூட இல்லை. பாதியில் நின்ற வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளிகூட வைக்கவில்லை. அவரா இப்படி என்று தாளைத் தூக்கிப் பார்த்தேன். மடியில் ஒரு இலை விழுந்தது.

புதுத் தளிர், இன்னும் சிவப்பு மாறவில்லை. கரும்புள்ளி ஒன்றுமில்லை. ஓரத்தில் மட்டும் கத்தரிக்கோல் வைத்ததுபோல் ஒரு அரைவட்டம்.

அந்தச் செடிகள் இரண்டு படிக்குக் கீழே இருக்கின்றன. காற்புள்ளியோ ஒரு இலையையும் கிள்ளுவதில்லை என்று சத்தியம் செய்தவர், ஒரு பொய்க்கே அடி வாங்கியவர், இனிச் சொல் தவறமாட்டார். அப்படியானால் இதைக் கிள்ளியது யார், எங்கே நின்றுகொண்டு கிள்ளினார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் இலையைப் பழைய இடத்திலேயே வைத்துத் தாளை மூடிவிட்டேன்.