வன்பயறு கேக்கை நான் கெடுத்த விதம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு பேக்கரியில் கிடைத்தது. திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க ஒரு பெண் கண்ணாடி அலமாரியைக் காட்டிக் காட்டி, "சேட்டா, இதில் மைதா உண்டோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றிலும் உண்டு. கடைசியில் தண்ணீர் பாட்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு போனாள். நான் கையில் பப்ஸோடு நின்றிருந்தேன். வெட்கமாக இருந்தது. தின்று முடித்தேன்.

அவளுக்கு விஷ்ணுப்ரியா என்று பெயர் வைத்தேன். கோதுமை ஆகாத உடம்பு. துளி உள்ளே போனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்க வேண்டியதுதான். அவளையே நாயகியாக்கி எழுதத் தொடங்கினேன். "விஷ்ணுப்ரியா ஜன்னலோரம் நின்று மழையை…"

[வேண்டாம். மழை பார்க்கும் நாயகிகள் நாட்டில் போதுமான அளவு இருக்கிறார்கள்.]

2

ஆகவே அவளுடைய மாமியாரிடம் போகிறேன். விஜயலக்ஷ்மி, அதே ஊரில் ஸ்ரீவராகம் பகுதி. மகன் ஹரியும் மருமகளும் கழக்கூட்டத்து ஃபிளாட்டிலிருந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார்கள். மருமகளின் நோய் தெரிந்த நாள்முதல் விஜயலக்ஷ்மி அந்த ஞாயிறுகளில் கோதுமையை வாசல்படி ஏறவிட்டதில்லை. சோறு, சாம்பார், ரசம், கூட்டு, அவ்வளவுதான். அப்படியும் சில மாதங்களில் மருமகள் டப்பாவில் சொந்தச் சாப்பாடு கொண்டுவர ஆரம்பித்தாள். கேட்டால், "டயட்டாக்கும்மா" என்றாள்.

விஜயலக்ஷ்மிக்குச் சுருக்கென்று தைத்தது. தன் கைச்சமையல் அவளுக்குப் பிடிக்கவில்லை, ஒருவேளை தன்னையே பிடிக்கவில்லை என்று முடிவு கட்டினாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எழுதுகிறவன் என்பதால் எனக்குத் தெரியும்.

இந்த ஞாயிறு மருமகளின் பிறந்தநாள். தன் கையால் ஒரு வாயாவது அவள் சாப்பிட வேண்டும். மைதாவே இல்லாமல், வேகவைத்த பயறை அரைத்துக் கேக் செய்யலாம் என்று ஒரு வீடியோ சொன்னது. அது கேட்டது ராஜ்மா. வீட்டில் இருந்தது வன்பயறு, அதாவது சிவப்புக் காராமணி. சர்க்கரைக்குப் பதில் வெல்லம், வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய். முட்டை நுழையாத வீடு என்பதால் கனிந்த நேந்திரம்பழம். கோகோ, பேக்கிங் பவுடர் எல்லாவற்றின் அட்டையையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். எதிலும் கோதுமை இல்லை. ஊறிய பயறைக் குக்கரில் போட்டு, ஒரு சிட்டிகை பெருங்காயம் தட்டி, மூடினாள்.

3

கேக் நன்றாகவே எழும்பியது. அப்போது சேஷன் வந்தார்.

[சேஷன் அவளுடைய கணவர். இவரை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். கதைக்கு ஒரு மூக்கு தேவைப்பட்டதால் விட்டுவைத்தேன்.]

"ஏண்டி, கேக்கிலே ரசம் வாசனை வரதே?"

"உங்க மூக்குக்கு எப்பவும் ரசம்தான்."

சொல்லிவிட்டு ஓரத்தில் கிள்ளி வாயில் போட்டாள். கோகோவுக்குப் பின்னால் பெருங்காயம் இருந்தது. நானும் இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் இருந்தது. நினைத்து எழுதியதல்ல. பயறு என்று எழுதிய கை பெருங்காயத்தையும் சேர்த்தே எழுதிவிட்டது; வாயுவுக்குப் பயந்த பரம்பரை.

"பின்னே, பயறு வேகறதுன்னா காயம் போடாம எப்படி?" என்று அவள் சிரித்தாள். "சாரமில்லை, போகட்டும், ஆறினா தெரியாது."

காயடப்பாவை எடுத்து வைக்கும்போது, காலையிலிருந்து எல்லாவற்றையும் படித்த வேகத்தில் அதையும் படித்தாள். கோதுமை மாவு, பிசின், பெருங்காயம். கோதுமைதான் முதலில் நின்றது.

[எனக்கும் தெரியாது. என் வீட்டு டப்பாவைப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். அதிலும் அப்படித்தான்.]

வாசலில் கார் சத்தம் கேட்டது.

4

முடிவு ஒன்று: அவள் வாயைத் திறக்காமல் கேக்கை வெட்டிக் கொடுக்கிறாள். இல்லை, அந்தப் பெண்ணை நான் படுக்கவைக்க மாட்டேன்.

முடிவு இரண்டு: இரண்டாம் பகுதியில் பெருங்காயம் தட்டிய அந்த நாலு சொற்களை அடித்துவிடுகிறேன். கேக் சுத்தம், மருமகள் சாப்பிடுவாள், எல்லோரும் கைதட்டலாம். நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள் என்பது மட்டும்தான் இடைஞ்சல். பார்க்காத மாதிரி இருப்பீர்கள் என்று நம்பிப் பேனாவைத் தூக்கினேன்.

அதற்குள் விஜயலக்ஷ்மி காயடப்பாவோடு கூடத்துக்குப் போய்விட்டாள். ஹரி காரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தான். [கதை முடியும்வரை தேடட்டும்.]

"ப்ரியா, உனக்குன்னு கேக் பண்ணினேன். நீ அதைத் தொடாதே, கேட்டியா. காயத்திலே கோதுமை இருக்கு. சத்தியமா எனக்குத் தெரியாது." டப்பாவை நீட்டினாள்.

விஷ்ணுப்ரியா டப்பாவை வாங்கிப் படித்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அம்மா, சாம்பாருக்கும் இதுதானே போடுவேள்?"

"சாம்பார், ரசம், கூட்டு, எல்லாத்துக்கும்தான்."

"இங்கேருந்து போற ஒவ்வொரு தடவையும் வயித்து வலிம்மா. வெறும் சோறும் ரசமும்தானே சாப்பிட்டேன், நோய் முத்திடுத்தோன்னு பயந்துட்டேன். உங்க சமையல்தான் ஒத்துக்கலைன்னு உங்ககிட்டே எப்படிச் சொல்றது? அதான் டப்பா."

"நான் என்னை உனக்குப் பிடிக்கலைன்னுன்னா நெனச்சேன்."

"அந்த ரசத்தை நெனச்சுண்டே கேன்டீன்லே மோரும் சோறும் சாப்பிடறேன்மா."

இரண்டு பேருக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நான் பேனாவை மெதுவாக மூடினேன். அந்த நாலு சொற்களை அடித்திருந்தால் இவள் ஆயுளுக்கும் டப்பா தூக்கியிருப்பாள். இதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை.

5

ஊறின பயறில் பாதி மிச்சமிருந்தது. [இப்போதுதான் மிச்சம் வைத்தேன்.] பாத்திரங்களைத் தேய்த்துக் கழுவி, இரண்டாவது கேக் ஓவனுக்குள் போயிற்று. முதல் கேக்கைச் சேஷன் எந்தப் புகாரும் இல்லாமல் தின்றுகொண்டிருக்கிறார்.

"அம்மா, கேக் வரவரைக்கும் தாங்காது. பசிக்கறது."

விஜயலக்ஷ்மி சோற்றில் தயிரும் உப்பும் போட்டுப் பிசைந்தாள்.

"இதிலே வேறே ஒண்ணும் போடலியே?"

"என் கையைத் தவிர ஒண்ணுமில்லை."

விஷ்ணுப்ரியா உள்ளங்கையை நீட்டினாள். முதல் உருண்டை, இரண்டாவது உருண்டை. விஜயலக்ஷ்மி பிசைவதும் கொடுப்பதுமாக இருக்கிறாள், நிறுத்துகிற மாதிரி தெரியவில்லை.

இரண்டாவது கேக் எழும்பியதா, நடுவில் அமுங்கியதா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. அங்கே யாருக்கும் இப்போது ஓவன் ஞாபகம் இல்லை. நீங்கள்தான் கொஞ்சம் எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.