கன்னத்துச் சாயம்

கருப்பட்டி மண்டி வேதமாணிக்கம் தன் மகள் ஞானசெல்வியை ஒரு போட்டோவுக்குத் தயார் செய்த மும்முரத்தில், இன்னொரு மகாயுத்தத்தையே நடத்தி முடித்திருக்கலாம். சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ராயபுரத்தில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். அங்கே கடுகு வெடித்தால் இங்கே எங்களுக்குத் தும்மல் வரும். ஆகவே நான் சொல்வதில் முக்கால்வாசி சுத்தமான உண்மை. மீதி, உண்மையைவிடச் சற்றுப் பெரியது.

ஞானசெல்விக்கு இருபத்தாறு வயசு. அந்தக் காலத்தில் அந்த வயசுப் பெண்ணை வீட்டில் வைத்திருந்தால், கோயிலுக்குப் போகிற வழியில் நாய்கூட நின்று விசாரித்துவிட்டுப் போகும். பினாங்கில் துணிக்கடை வைத்திருந்த ஞானதுரை ஒரு கிறிஸ்துமஸுக்கு இங்கே வந்து எங்கள் வேதக் கோயில் பாட்டுக் குழுவில் நின்று பாடியதை அவள் பார்த்திருந்தாள். அன்றிலிருந்து வேறு வரன் பேச்செடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். அவன் இவளைப் பார்த்தானா என்பது அவனுக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும். பார்த்திருந்தாலும் பயனில்லை. தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் பினாங்கிலிருந்த அவன் அம்மா தங்கபுஷ்பம். நல்லதாக ஒரு படம் அனுப்பச் சொல்லியிருந்தாள்.

உடனே ஏற்பாடுகள் தொடங்கின. பெண் வெயிலில் தலைகாட்டக் கூடாது. காரம் கூடாது. முகத்தில் பயத்தமாவு, அதன்மேல் பாலாடை, அதன்மேல் வெள்ளரிக்காய். சுவரேறிப் பார்த்தால் ஆளைக் காணோம், காய்கறிக் கடைதான் உட்கார்ந்திருக்கும். உடம்பு சுத்தமானால் முகம் தெளியும் என்று அம்மா செல்லக்கனி விளக்கெண்ணெய் வேறு கொடுத்துவிட்டாள். அன்று முழுக்க அந்தப் பெண் புழக்கடைக்கும் கூடத்துக்கும் நடந்த நடையைச் சேர்த்தால் எண்ணூர் போய்த் திரும்பியிருக்கலாம். அவ்வளவையும் அவள் முனகாமல் பொறுத்துக்கொண்டாள். பினாங்கு என்ற ஒரு வார்த்தைக்காக அவள் விளக்கெண்ணெயில் குளிக்கவும் தயாராக இருந்தாள்.

இதோடு நிறுத்தியிருந்தால் எல்லாம் சுகமாக முடிந்திருக்கும். வேதமாணிக்கம் எதையும் மொத்தமாகச் செய்து பழகியவர். நாடகக் கம்பெனியில் ராணி வேஷங்களுக்கு முகம் எழுதுகிற கிருஷ்ணப்பனைக் கூட்டிவந்தார். அவன் எழுதிய முகம் கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் தூங்குகிறவனையும் தட்டி எழுப்பும் என்று ஊரில் பேச்சு.

அங்கேதான் வினை. ராயபுரத்தில் படம் பிடிக்கிற வரதனுக்கு ஒரு வழக்கம் உண்டு. தன் ஸ்டுடியோவுக்குள் வருகிற எந்த முகத்துக்கும் பவுடர் போடுவது அவன்தான். படம் எடுத்த பிறகும், அது பதிந்த கண்ணாடித் தட்டின்மேல் குனிந்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் குழியை நிரப்பி, கறுப்பை வெளுக்க வைத்து, கிழவியைக் குமரியாக்கித்தான் வெளியே விடுவான். அந்த மனுஷன் முன்னால் இன்னொருவன் சாயப்பெட்டியைத் திறந்தான்.

வரதன் மெல்லக் கேட்டான். "இன்னா மொதலாளி, மூஞ்சி வேலைக்கு வேற ஆளா?"

"அதுக்குத்தான் ஆளு கொண்டாந்துருக்கேம்லா. நீரு கேமரா மூடியைக் கழத்தி மாட்டுனாப் போதும்."

"சரி மொதலாளி. உங்க ஆளு வேலைல நான் கை வைக்க மாட்டேன்."

கிருஷ்ணப்பன் எழுதினான். மூக்கிலும் கன்ன எலும்பிலும் வெள்ளை. கன்னத்தில் ரோஜாச் சிவப்பு, உதட்டில் ரத்தச் சிவப்பு, கண்ணைச் சுற்றிலும் மெல்லிய சிவப்பு. பழக்க தோஷத்தில் நெற்றியில் பொட்டும் வைத்தான். செல்லக்கனி அலறியடித்து அதை முந்தானையால் துடைத்தாள். மற்றபடி நேரில் பார்க்க, சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பெண் ஜொலித்தாள். வாசலில் நின்ற ரிக்‌ஷாக்காரன் சவாரியை மறந்து வாயைப் பிளந்தான்.

வரதன் மூடியைக் கழற்றினான், மாட்டினான். அவ்வளவுதான்.

அவனிடம் இருந்தவை யுத்தத்துக்கு முந்திய பழைய தட்டுகள். அந்தத் தட்டுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு என்று எதை வைத்தாலும் அதைக் கறுப்பாகத்தான் காட்டும். இது வரதனுக்கு நன்றாகத் தெரியும். அன்று மாலையே பினாங்குக் கப்பல் புறப்பட இருந்தது. அதில் போகிற உறவுக்காரர் ஒருவர் கையில் படத்தைச் சேர்க்க வேண்டும். ஈரம் காய்ந்ததும் காயாததுமாக வரதன் அதை உறையிலிட்டு ஒட்டி, தானே துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். வேதமாணிக்கம் கேட்டதற்குப் படம் ஷோக்கா வந்துகீது என்றானாம்.

வீட்டுக்கென்று கேட்ட பிரதி வந்தபோது கப்பல் நடுக்கடலில் இருந்தது. படத்தை நானும் பார்த்தேன். ரோஜாக் கன்னங்கள் இரண்டும் கரிக்குழிகளாக உள்ளே போயிருந்தன. வெள்ளை பூசிய எலும்பு மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. கண்ணைச் சுற்றி இருட்டு. உதடு கருகிப்போயிருந்தது. க்ஷயம் முற்றி, ஜெபம் பண்ணப் பாதிரியாரை அழைத்திருக்கிற முகம்.

செல்லக்கனி ஒப்பாரியே வைத்துவிட்டாள். ஞானசெல்வி படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அப்பாவிடம், "வேற ஒண்ணு எடுத்து அடுத்த கப்பல்ல அனுப்புங்கப்பா" என்றாள். அதுதான் அந்த வீட்டில் பேசப்பட்ட ஒரே புத்தியுள்ள பேச்சு. யார் கேட்டார்கள்?

வேதமாணிக்கம் தந்தி அடித்தார். பெண் பூரண ஆரோக்கியம், படத்தை நம்ப வேண்டாம் என்று. யாரும் விசாரிக்காத ஆரோக்கியத்தைத் தந்தியில் சொன்னால் எவள் நம்புவாள்? அது போதாதென்று டாக்டரிடம் நெஞ்சைப் பரிசோதித்துச் சர்டிபிகேட் வாங்கி அனுப்பினார். தங்கபுஷ்பத்துக்கு அதுவரை கொஞ்சநஞ்சம் சந்தேகம் இருந்திருக்கும், சர்டிபிகேட் அதையும் தீர்த்தது. புதிதாக எடுத்த படம் கடைசியாகப் போய்ச் சேர்ந்தபோது, இது தங்கச்சி படமோ என்று கேட்டு எழுதினாள். பையனுக்கு அங்கேயே பெண் பார்த்தாகிவிட்டது, உங்கள் மகளுக்காக ஜெபிக்கிறோம் என்றும் எழுதியிருந்தாள்.

வரதனைக் கேட்டேன். தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னான்.

"செவப்பு கறுப்பா வுழும்னு எனக்குத் தெர்யாதா நைனா? கேட்டாத்தானே சொல்லுவேன். மூடியக் கழத்தி மாட்டச் சொன்னாரு, மாட்னேன்."

முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. தன் முகத்தையும் பென்சிலால் திருத்திக்கொண்டான் போல.

பிறகு சேதி தானாகப் பரவியது. பினாங்கிலிருந்து கொழும்புக்கு, கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு, அங்கிருந்து திரும்ப ராயபுரத்துக்கு. கோயில் முடிந்து வெளியே வருகிற பெண்கள் ஞானசெல்வியின் கொழுகொழு கன்னத்தைப் பார்த்து, பாவம், வெளியே தெரியவே இல்லை என்று பெருமூச்சு விட்டார்கள். அவள் ஒருமுறை கோயிலுக்குள் புரையேறி இருமினாள். பெஞ்சே காலியாகிவிட்டது.

மூன்றாம் வருஷம் திருவொற்றியூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பெயர் சுயம்பு, இரும்பு வியாபாரம். நிஜமாகவே க்ஷயம் கண்டு, தாம்பரம் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவன். இரண்டு பேருக்கும் ஒரே சீக்கு, யாருக்கும் நஷ்டமில்லை என்று தரகர் மனப்பூர்வமாகச் சந்தோஷப்பட்டார். வேதமாணிக்கம் அவரைக் கருப்பட்டிச் சிப்பத்தால் அடிக்கப் போனார். பிறகு, ஆறேழு மாதம் கழித்து, அவரே ஆளனுப்பி வரவழைத்தார்.

"ஏட்டி, ஒனக்குச் சம்மதமா?" என்று மகளைக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்லைன்னு அவுகளுக்குச் சொன்னீயளா?"

"சொன்னேன் தாயி. நம்பல."

கல்யாணம் நடந்தது. ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது அவளைப் பார்த்துவிட்டு வரலாமென்று போனேன். சுயம்பு கட்டிலில் உட்கார்ந்து தகரக்கொட்டகை அதிர இருமிக்கொண்டிருந்தான். ஞானசெல்வி அவன் முதுகைத் தடவிக்கொடுத்து, வெந்நீர் ஆற்றி, வாய் துடைத்துவிட்டாள்.

மாமியார் எனக்குக் காப்பி கொண்டுவந்தாள். பிறகு மாடத்தில் தனியாக இருந்த ஒரு தம்ளரை எடுத்து, கை படாமல் உயரத்திலிருந்து காப்பியை ஊற்றி, மருமகளுக்கு எட்டத் தள்ளி வைத்தாள். பையனுக்குக் குணமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம், இனிமேல் வந்தால் இவளிடமிருந்துதான் ஒட்ட வேண்டுமாம்.

ஞானசெல்வி அந்தத் தம்ளரை எடுத்துக் குடித்தாள். குடித்துவிட்டு, யாரும் சொல்லாமலே தனியாகக் கழுவி வைத்தாள்.