மாஸ்க் போட மறுத்த டாக்டர்

ஐம்பத்தொரு வயதில் விமான மருத்துவம் படிக்கக் கிளம்பிய டாக்டர் மரகதவல்லியை ஸ்ரீரங்கத்தில் யாரும் தடுக்கவில்லை, சிரித்தார்கள். விமானிகளைப் பரிசோதிக்கும் தகுதி வேண்டுமென்று, திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த பயிற்சி மையத்தில் அவள் சேர்ந்தாள். கூடப் படித்த டாக்டர்கள் எல்லோருக்கும் அவள் மகன் வயதுதான்.

அன்று காற்றழுத்த அறைப் பயிற்சி. மூடிய அறையில் காற்றைக் குறைத்து, இருபத்தையாயிரம் அடி உயரத்தில் இருப்பதுபோல் ஆக்குவார்கள். ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கணக்குப் போட வேண்டும். மூளை மந்தமாவதைத் தன் உடம்பு எப்படிக் காட்டுகிறது என்று அவரவரே கண்டுபிடித்து, மாஸ்க்கை மறுபடி மாட்டிக்கொள்ள வேண்டும்.

மரகதவல்லி மாட்டவில்லை. பயிற்சித் தலைவர் தாயுமானவன் மைக்கில் சொல்லியும் மாட்டவில்லை.

"நான் நன்னாத்தான் இருக்கேன்!" என்று சிரித்தாள். உள்ளே இருந்த உதவியாளர்தான் பிடித்து மாட்டிவிட்டார்.

பிறகு வகுப்பில் வீடியோவைப் போட்டார்கள். ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் சிரிப்பு.

தாயுமானவன் தனியாகக் கூப்பிட்டார். "தப்பா நினைக்காதீங்கம்மா. இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு? நிறுத்திக்கலாமே."

 மரகதவல்லி நேரே வகுப்புக்குத் திரும்பிவந்து, எல்லோருக்கும் முன்னால் நின்றாள். தாயுமானவனும் பின்னாலேயே வந்தார்.

"முகமெல்லாம் சூடாச்சு. அதுதான் எனக்கு வந்த அறிகுறி. மெனோபாஸ் சூடுன்னு நினைச்சு விட்டுட்டேன். தினமும் வர்றதுதானே! சிரிக்கிறவங்க சிரிங்க. ஐம்பது வயசுல ஒரு பொண்ணு விமானம் ஓட்டிட்டு வந்து உங்க முன்னாடி உக்காருவா. அவகிட்ட என்ன சொல்லப்போறீங்க? நீங்க குடுத்த பாடக்குறிப்புல இதப் பத்தி ஒரு வரி இருக்கா, சார்?"

தாயுமானவன் மேஜையிலிருந்த பாடக்குறிப்பைப் புரட்டிப் பார்த்தார்.

"நான் நிறுத்தமாட்டேன். மறுபடியும் உள்ள போறேன்."

மறுவாரம் போனாள். மாஸ்க்கைக் கழற்றினாள். சற்று நேரத்தில் கன்னம் சூடானது. பென்சிலை நிறுத்திக் கவனித்தாள். மெனோபாஸ் சூட்டில் வழக்கமாகக் கழுத்தில் கொட்டும் வியர்வை இல்லை. விரல் நுனி மரத்தது. எதிரே உட்கார்ந்திருந்த, கூடப் படிக்கும் ரசூலின் நீலச் சட்டை சாம்பல் நிறமாகத் தெரிந்தது.

யாரும் சொல்வதற்குள் மாஸ்க்கை மாட்டினாள்.

கதவைத் திறந்துவிட்டது தாயுமானவன்தான். "நீங்க கவனிச்சதை எழுதிக் குடுங்க, டாக்டர். பாடத்துல சேர்த்துக்கறேன்."

"எழுதறேன் சார்," என்றாள் மரகதவல்லி. "கீழ என் பேரையும் வயசையும் போட்டுத்தான் வரணும்."