சாவி இல்லாத மூன்று அறைகள்

கடியப்பட்டணத்தில் 2006-ஆம் ஆண்டு ரகசியத்தின் விலை மணிக்கு இருபது ரூபாய். ஜக்கரியாவின் பிரவுசிங் சென்டர் வாசலில் அப்படித்தான் பலகை தொங்கியது: ‘மணிக்கு ரூ.20. தனித் தடுப்பு உண்டு. ரகசியம் உத்தரவாதம்.’ அரை மணிக்குப் பத்து. ரகசியமும் பாதியாகிவிடுமா என்று யாரும் கேட்டதில்லை.

ஜக்கரியாவின் குடும்பத்துக்குக் கோட்டாறில் வெற்றிலை மொத்த வியாபாரம். எதையும் செட்டாக வாங்காதே, பிரித்து வாங்கினால்தான் மிச்சம் என்று கேட்டு வளர்ந்தவன். ஆறு பழைய கம்ப்யூட்டர்களிலும் இலவசமாகக் கிடைத்த லினக்ஸ் போட்டிருந்தான். அதன் டெஸ்க்டாப் ஒரு கூட்டுக் குடும்பம். மெனு, கீழ்ப்பட்டை, ஜன்னல்களைத் திறந்து மூடி நகர்த்தும் விண்டோ மேனேஜர், எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பழைய மிஷினில் அந்தக் குடும்பம் ஊர்ந்தது. ஆகவே வீட்டு விண்டோ மேனேஜரைக் கழற்றிவிட்டு, இலேசான வேறொன்றை வெளியிலிருந்து கொண்டுவந்து பொருத்தினான். மிஷின்கள் பறந்தன. ‘புதுசும் பழசும் ஒன்றோடொன்று பேசுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று இணையக் குழுவில் ஒருவர் எச்சரித்திருந்தார். வேலை நடக்கும்போது பேச்சு எதற்கு என்று விட்டுவிட்டான்.

பேசவில்லைதான். வெளியிலிருந்து வந்த மருமகளான புது விண்டோ மேனேஜரிடம் நான்கு அறைகள், அதாவது மாறி மாறி வரும் நான்கு திரைகள் இருந்தன; மாமியாரான பழைய கீழ்ப்பட்டையின் கொத்தில் ஒன்றுக்குத்தான் சாவி. திரையின் வெற்றிடத்தில் மவுஸ் சக்கரம் உருண்டால் போதும், திறந்திருந்த ஜன்னல்கள் ஓர் அறையில் அப்படியே நிற்க, வேறொரு வெறும் திரை முன்னே வந்துவிடும். கீழ்ப்பட்டைக்கு விஷயமே தெரியாது. எல்லாம் மூடிவிட்டது என்று நினைத்து ஆள் எழுந்து போய்விடும்.

ஒரு சனிக்கிழமை காலை சகாயசெல்வி மூன்றாம் மிஷினில் ஒரு மணி நேரம் இருந்து, கத்தரில் வேலை பார்க்கும் கணவன் ஜெனினுக்கு மெயில் அனுப்பினாள். அனுப்பியதைத் திறந்து ஒருமுறை வாசித்தாள். கை சக்கரத்தில் பட்டது. திரை வெறுமையானது. இருபது ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சற்று நேரத்தில் அவளுடைய மாமியார் மரியஜான், மீன் விற்ற சட்டியை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தாள். மகன் பதினொரு மணிக்கு வீடியோவில் வருவதாகச் சொல்லியிருந்தான். அதே மூன்றாம் மிஷின்தான் காலியாக இருந்தது. அரை மணிக்குப் பத்து ரூபாயை முதலிலேயே நீட்டினாள்.

“நேரம் கெடக்கே. லெட்டர் வல்லதும் போட்டிருக்கானா பாரு மக்கா.”

வாசிக்கத் தெரியாதவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டுவது ஜக்கரியாவின் இலவச சேவை. தன் குரலுக்காகவே நாலு பேர் கூடுதலாக வருவதாக அவனுக்கு நினைப்பு. அவளுடைய மெயிலைத் திறக்க மவுஸைப் பிடித்தவன், கைப்பழக்கத்தில் வெறும் திரையில் சக்கரத்தை உருட்டினான். ஒரு கடிதம் வந்து நின்றது. மேலே ஜெனின் பெயர். அனுப்பியவன் பெயரா, பெறுபவன் பெயரா என்று பார்க்கவில்லை.

“போட்டிருக்கான்லா! ‘எப்பப் பாத்தாலும் எனக்கு அம்மா நெனப்புதான்.’”

“எனக்க மோன்!” மரியஜான் பக்கத்துத் தடுப்பைத் தட்டினாள். “கேட்டியாட்டி டெல்சி?”

டெல்சி எட்டிப் பார்த்தாள். பின்னால் இன்னும் இரண்டு தலைகள்.

“‘அம்மா ஒரு வார்த்த சொன்னா நாள் பூரா அது காதுலயே நிக்குது. கொழம்புல உப்பு கூடிச்சின்னா பக்கத்து வீட்டுக்கும் கேக்கணும். அவங்ககூட ஒரே வீட்டுல இனி…’”

நிறுத்தினான். இப்போதுதான் கண் மேலே போனது.

“பாக்கி?”

“நெட்டு கோளாறு மாமி. வேற யாருக்கோ உள்ளது…”

“நெட்டுக்கு எனக்க வீட்டு உப்பு தெரியுமா? வாசிலே.”

அழுகிய வெற்றிலையைக்கூடப் பேச்சால் தள்ளிவிடும் பரம்பரை. ஒரு பொய்கூட அகப்படாமல் ஜக்கரியா மீதியையும் வாசித்தான்.

“‘ஒரே வீட்டுல இனி முடியாது. பக்கத்துலயே சின்னதா ஒரு வீடு பாப்போம். நீங்க அவங்ககிட்ட சொல்லாண்டாம். அடுத்தவங்க வாயால கேட்டா தாங்கமாட்டாங்க. நாளைக்குப் பூசை முடிஞ்சு நானே கையப் பிடிச்சுச் சொல்லுகேன்.’”

டெல்சி முந்தானையால் வாயைப் பொத்தினாள். மரியஜான் தன் கைகளைப் பார்த்தாள். எழுந்து, யாரையும் பார்க்காமல் நடந்தாள். சட்டி வாசலிலேயே கிடந்தது.

திரையில் ஜெனினின் முகம் வந்தது. “அம்மா? அம்மா எங்க? கேக்குதா?”

கடைக்கே கேட்டது. ஜக்கரியா இணைப்பைத் துண்டித்தான்.

மாலையில் சகாயசெல்வி சட்டியை எடுக்க வந்தாள். தெருவே சொல்லியிருக்கும். அவன் விண்டோ மேனேஜர், கீழ்ப்பட்டை, நான்கு அறை என்று ஆரம்பித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் தன் குரல் தனக்கே சகிக்கவில்லை.

“அவிய சாப்பிடல்ல. எனக்க மொகத்தையும் பாக்கல்ல,” என்றாள்.

“இந்த வருசம் பூரா நீ காசு தரண்டாம்.”

“நான் சொல்ல வேண்டியத நீங்க சொல்லிட்டிய அண்ணே. அதுக்கு எத்தன மணிக்கூறு தருவிய?”

எந்த விலைக்கும் எதிர்விலை சொல்லத் தெரிந்தவன், சட்டியை எடுத்து நீட்டினான். அவள் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

கணக்கு நோட்டைத் திறந்தான். சகாயசெல்வி, ஒரு மணி, இருபது ரூபாய் வரவு. மரியஜான், அரை மணி, பத்து ரூபாய் வரவு. பலகையில் எழுதிய மூன்றில் விலை வாங்கியாயிற்று. தடுப்பு கொடுத்தாயிற்று. மூன்றாவது, இரண்டு பேருக்கும் பாக்கி.